மூன்றாம் ஓலை

பீர்க்கன்கரணை
4.2.2001

அன்புள்ள தங்கச்சி தபீதாளுக்கு, அண்ணன் தனசிங் எழுதுவது.

தேவ கிருபையால் நானும் டெபோராவும் சுகமாயிருக்கிறோம். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? டெல்லிக் குளிரில் நீ கம்பளிக் காலுறை போடாமல் திரிவாய் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள் நீ.

விஷயத்துக்கு வருகிறேன். தாம்பரத்தில் அமீருதீன் பாயின் ஹார்டுவேர் கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, நம் கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தும் மசோதா டெல்லியில் நிற்பதாகப் பார்த்தேன். இப்போது இருப்பது 1869-ஆம் வருஷத்துச் சட்டம். புருஷன் கைவிட்டுப் போனான் என்பது மட்டும் அதில் பெண்ணுக்குப் போதாது. அவன் இன்னொருத்தியோடு இருந்தான் என்றும் காட்ட வேண்டும். முன்பு ஒரு வக்கீல், "ஒரு பொம்பள பேரைச் சொல்லுங்க சார், சேத்து எழுதிடலாம்" என்றான். எழுந்து வந்துவிட்டேன். ஜெபராஜ் செய்யாததை நான் ஏன் எழுத வேண்டும்? செய்ததே போதும். கல்யாணமான பதினாலாம் மாதம் என் மகள் டெபோராவை ஒரு சூட்கேஸோடு கேட்டில் இறக்கிவிட்டு, உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓசூர் பஸ் ஏறியவன் அவன். மூன்று வருஷம் ஆகப் போகிறது. புதுச் சட்டம் வந்தால் கைவிட்டதே காரணமாகும். அதை ஒரு நீதிபதி தீர்ப்பில் எழுதி, கோர்ட்டில் சத்தமாக வாசிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மசோதாவை மூன்று முறை வாசிப்பார்களாம். நம் கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, "தடை அறிந்தவர்கள் சொல்லக்கடவர்கள்" என்று கேட்பார்களே, அதுபோலத்தான் என்று விளங்கிக்கொண்டேன். அதுதான் என் கவலையும். டெபோராவுக்கு இங்கேயும் மூன்று ஓலை வாசித்தார்கள், அவன் ஊர்ச் சபையிலும் வாசித்தார்கள். அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்த ஒருவன் வாய் திறந்தானா? மூன்றாம் ஓலை அன்று டெபோரா காய்ச்சல் என்று படுத்துவிட்டாள். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் பேசவில்லை. பேச வேண்டிய இடத்தில் பேசாதவர்களால் வந்த கேடு இது. அதனால்தான் இன்றுவரை நான் கோவிலுக்குள் உட்காருவதில்லை. சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்து வெளி பெஞ்சுதான் எனக்கு.

நீ விசாரித்து எழுது. மசோதாவுக்கு எத்தனை ஓலை முடிந்தது? ஆட்சேபிக்கப் போகிறவர்கள் யார்?

டெபோராவிடம் இதெல்லாம் நான் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள் திருத்தவே அவளுக்குப் பொழுது சரியாயிருக்கிறது.

அன்புள்ள அண்ணன்,
தனசிங்


புது டெல்லி
20.2.2001

அன்புள்ள அண்ணனுக்கு, தபீதாள் வணக்கத்துடன் எழுதுவது.

நான் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, காலுறை போட்டுக்கொண்டேன். உங்கள் ரத்த அழுத்த மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிடுகிறீர்களா? டெபோராவைக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

எங்கள் பிளாக்கில் மேல்வீட்டு வேதா பாராளுமன்ற அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருக்கிறாள். அவளிடம் கேட்டேன். முதல் வாசிப்பு என்பது, இதைச் சபைக்குக் கொண்டுவர அனுமதி வேண்டும் என்று மந்திரி கேட்பது மட்டுந்தானாம். வாசிப்பு என்று பெயரே தவிர யாரும் எதையும் வாசிப்பதில்லையாம். இரண்டாம் வாசிப்பில்தான் பேச்சும், பிரிவு பிரிவாக ஓட்டும். மூன்றாவது, மொத்தமாக ஏற்கிறோமா என்று கேட்பது. நடுவில் நிலைக்குழு என்ற கமிட்டிக்குப் போகுமாம். நம்முடையது இப்போது அங்கேதான் இருக்கிறதாம். அங்கிருந்து வந்து, ஒரு சபையில் தேறி, மறு சபையிலும் இதே மூன்று வாசிப்பும் முடிய வேண்டும்.

ஆக மொத்தம் மூன்றல்ல அண்ணா, ஆறு. ஆட்சேபணை சொல்வதும் உறுப்பினர்கள்தான். வெளியாட்கள் எழுந்து பேச முடியாது.

டெபோராவிடம் ஒரு வார்த்தை பேசினால் என்ன?

அன்புத் தங்கை,
தபீதாள்


பீர்க்கன்கரணை
11.3.2001

அன்புள்ள தபீதாளுக்கு,

இங்கே சுகம். மாத்திரை சாப்பிடுகிறேன். வெயில் ஆரம்பித்துவிட்டது.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தும் விளங்கவில்லை. வாசிக்காத ஒன்றுக்கு வாசிப்பு என்று எப்படிப் பெயர் வைத்தார்கள்? கிண்டியிலும் திருமுடிவாக்கத்திலும் லேத் ஓட்டினவன் நான். துளை போடாமல் துளை போட்டாச்சு என்று சொன்னால் சூப்பர்வைசர் சும்மா விடுவானா?

கமிட்டி என்று எழுதியிருக்கிறாய். நம் சபைக் கமிட்டிக்குக் காம்பவுண்டு சுவர் விஷயம் போய் ஒன்பது வருஷம். இன்னும் ஆடு உள்ளே வருகிறது. அமீருதீன் பாய், "இன்னா பெரியவரே, உங்க மசோதா எந்த ஸ்டேஷன்ல நிக்குது? சிக்னல் வுழலயா?" என்று தினமும் கேட்கிறார். கமிட்டி என்றேன். "அப்ப யார்டுல தள்ளிட்டானுங்க" என்று சிரிக்கிறார்.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த நிலைக்குழுவுக்கு மனு எழுதி ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். குற்றம் செய்த புருஷன் பெயரைத் தீர்ப்பில் பெரிய எழுத்தில் போட வேண்டும், கோர்ட்டில் அதை உரக்க வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஓலை வாசிக்கும்போது விஷயம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தவர்களுக்கும் ஒரு தண்டனை வைக்கச் சொல்லியிருக்கிறேன். பெரிய தண்டனை வேண்டாம், ஒரு வருஷம் நற்கருணை கிடையாது என்றால் போதும்.

வேதா அந்த மனுவைப் பார்த்தாளா என்று கேட்டு எழுது.

அண்ணன்,
தனசிங்


பீர்க்கன்கரணை
27.5.2001

அன்புள்ள தபீதாளுக்கு,

இரண்டு மாதமாய் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே ஏரி காய்ந்து பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கிறது. போரில் தண்ணீர் கீழே போய்விட்டது. மற்றபடி சுகம்.

போன வாரம் அமீருதீன் பாயின் மகள் சாஜிதாவுக்கு நிக்காஹ். டெபோராவும் நானும் போனோம். ஒரு மணிக்குப் பிரியாணி என்றார்கள், இரண்டரை ஆயிற்று. கேட்டால், சாட்சிகள் இரண்டு பேர் பெண் இருக்கிற அறைக்குள் போய்ச் சம்மதம் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். அந்தப் பெண் உடனே சொல்லித் தொலைக்காமல் ஏதோ யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறது. வெளியே முந்நூறு பேர் பசியில். "என்ன பாய் இது, பத்திரிகை அடிச்ச பிறகு கேள்வி?" என்றேன். "பத்திரிகை இன்னா பத்திரிகை, அது வாயால சொல்லாங்காட்டி நிக்காஹ் ஏது?" என்றார். அவர்கள் முறை அவர்களுக்கு. டெபோரா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. பழைய ஞாபகம் வந்திருக்கும். எல்லாம் அந்தப் படுபாவியால்.

மறுநாள் இன்லண்ட் லெட்டர் வாங்கி எதையோ எழுதி, தானே போய்ப் போட்டுவிட்டு வந்தாள். "யாருக்கும்மா?" என்றேன். "அத்தைக்கு" என்றாள். என்ன எழுதியிருந்தாள்? மசோதாவைப் பற்றியா?

அண்ணன்,
தனசிங்


புது டெல்லி
15.6.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமே. நீங்கள் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கேயும் தண்ணீர்க் கஷ்டம்தான், லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கிறோம். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள்.

கமிட்டிக்கு வருகிற மனுவெல்லாம் கட்டுக்கட்டாக வருமாம், உங்களுடையதைக் கண்டுபிடிக்க முடியாது என்று வேதா சொன்னாள். ஜூலை கடைசியில் சபை கூடுகிறது. அப்போது எடுக்கலாம் என்று பேச்சு இருக்கிறதாம்.

சாஜிதாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

அண்ணா, டெபோராவுக்கு என்ன வேண்டும் என்று எப்போதாவது கேட்டீர்களா? சட்டம் வந்த பிறகு என்ன எழுதி மனுப் போடுவது என்பதை அவள்தானே சொல்ல வேண்டும்?

மாம்பழம் நிறையச் சாப்பிடாதீர்கள். சர்க்கரை பார்த்து நாளாயிற்று.

தங்கை,
தபீதாள்


பீர்க்கன்கரணை
5.8.2001

அன்புள்ள தபீதாளுக்கு,

சுகம். சர்க்கரை பார்த்தேன், சொல்லும்படி ஒன்றும் இல்லை.

டெபோரா உனக்கு என்ன எழுதினாள் என்று கேட்டிருந்தேன். சாஜிதாவுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறாய், மாம்பழத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய், அதை மட்டும் விட்டுவிட்டாய். போகட்டும். அவளிடம் என்ன கேட்பது? கைவிடப்பட்டவளுக்கு என்ன வேண்டும் என்று தகப்பனுக்குத் தெரியாதா?

இப்போது ஒரு காரியம் செய். சபை கூடிவிட்டது. வேதாவிடம் சொல்லி, பார்வையாளர் மாடத்துக்கு ஒரு பாஸ் வாங்கு. நம் மசோதா வருகிற அன்று போய் உட்கார். வாசிக்கும்போது எவன் எழுந்து ஆட்சேபிக்கிறான் என்று முகத்தைப் பார்த்து வைத்துக்கொள். தெற்கே இருந்து போன உறுப்பினராக இருந்தால் ஜெபராஜ் வீட்டுக்குச் சொந்தமா என்று நான் இங்கே விசாரித்துக்கொள்கிறேன். முழங்காலைச் சாக்குச் சொல்லாதே. கோவிலில் அன்று பார்க்கவேண்டிய முகங்களை நான் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேன். இந்தத் தடவை நம் ஆள் ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

கையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்.

அண்ணன்,
தனசிங்


புது டெல்லி
29.8.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பிடிவாதத்தால் பாராளுமன்றம் பார்த்துவிட்டேன். முழங்கால் இரண்டும் இன்று தலையணைமேல் இருக்கின்றன. மற்றபடி சுகம்.

வேதா மேல்சபைக்குப் பாஸ் வாங்கித் தந்தாள். நோட்டு, பேனா, கைப்பை எல்லாவற்றையும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேலே மாடத்தில் காலைக் கீழே தொங்கவிட்டு உட்காரவேண்டும், முன் கம்பியில் கை வைக்கக் கூடாது, தூங்கக் கூடாது. தூங்கின ஒருவரை ஒரு காவலர் வந்து தட்டி எழுப்பினார்.

நான் ஏதோ நம் கோவில் மாதிரி நிறைந்திருக்கும் என்று நினைத்தேன். பாதி நாற்காலி காலி. மந்திரி எழுந்து சொன்னார், பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாகப் பெண்களுக்கு இந்த அநியாயம் நடந்திருக்கிறதே என்றுதான் பேசினார்கள். நீங்கள் பயந்தது போல நம் பக்கத்து ஆள் யாரும் எழுந்து மறிக்கவில்லை. அதன் பிறகுதான் எனக்குத் தலை சுற்றிற்று. தலைமையில் இருந்தவர் "இரண்டு முதல்..." என்று பிரிவுகளின் எண்ணைச் சேர்த்துச் சொல்லி, ஏற்கிறவர்கள் ஆம் என்க என்றார். கீழே முணுமுணுப்பாக ஆம், ஆம் என்று கேட்டது. ஆம் என்றவர்கள் ஜெயித்தார்கள் என்றார். மூச்சு விடுமுன் இன்னொரு ஆம், இன்னொரு ஜெயம். நான் மூன்றாம் வாசிப்பு எப்போது வரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். எல்லாரும் கோப்பைப் புரட்டி அடுத்த விஷயத்துக்குப் போகிறார்கள். பக்கத்தில் இருந்த பெண்ணைக் கேட்டேன். "அது முடிஞ்சுபோச்சே" என்றாள் ஹிந்தியில்.

அவ்வளவுதான் அண்ணா. யாரும் ஆட்சேபிக்கவில்லை. இனி மக்கள் சபை. நாளையோ மறுநாளோ அங்கேயும் முடிந்துவிடும் என்கிறாள் வேதா.

டெபோராவிடம் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

தங்கை,
தபீதாள்


பீர்க்கன்கரணை
9.9.2001

அன்புள்ள தபீதாளுக்கு,

மக்கள் சபையிலும் நிறைவேறியது என்று பேப்பரில் பார்த்தேன். கடையில் இருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அமீருதீன் பாய், "பெரியவரு பார்ட்டி குடுக்குறாருடோய்" என்று தெருவுக்கே சத்தம் போட்டார்.

மறுநாளே பழைய வக்கீலிடம் போனேன். அந்த ஆள் கையை விரிக்கிறான். "ஜனாதிபதி கையெழுத்து போடணும் சார்." சரி, எப்போது போடுவார்? "அதுக்குக் கெடு கிடையாது." போட்டபிறகு சட்டந்தானே? "அரசிதழ்ல வரணும்." வந்தபிறகு? "எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வருதுன்னு தனியா ஒரு அறிவிப்பு வரணும்." இவ்வளவும் முடிந்தால்? "அப்பதான் கேஸ் போடலாம்." ஆறு வாசிப்பு முடிந்து அத்தனை பேர் ஆம் சொன்னது சட்டம் இல்லையென்றால் எதுதான் சட்டம்? பிள்ளை பிறந்தாயிற்று, ஞானஸ்நானமும் ஆயிற்று, ஆனால் இன்னும் உயிரோடு இருப்பதாக அறிவிக்கவில்லை என்பதுபோல் இருக்கிறது.

டெபோராவிடம் நீ சொல்லச் சொன்னாய் என்று சொன்னேன். நின்று கேட்டாள். "எல்லாப் பிரிவும் பாஸாயிடுச்சாப்பா?" என்றாள். எல்லாம் என்றேன். முகம் மலர்ந்ததைப் பார்த்து வெகுநாள் ஆயிற்று. அன்று ராகி தோசை சுட்டாள்.

ஓசூர்க்காரனுக்கு நோட்டீஸ் எப்படி எழுதுவது என்று நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். பதினோரு பக்கம் வந்திருக்கிறது.

அண்ணன்,
தனசிங்


புது டெல்லி
12.10.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் நம் காத்திருப்பை வீணாக்கவில்லை. ஜனாதிபதி ஒப்புதல் தந்து, இந்த மாதம் மூன்றாம் தேதியிலிருந்து சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. அரசிதழின் நகலை வேதா எடுத்துத் தந்தாள். இதோடு வைத்திருக்கிறேன்.

பத்தாம் பிரிவில் நீங்கள் கேட்ட கைவிடுதலும் இருக்கிறது, கொடுமையும் இருக்கிறது. ஆனால் அதோடு நிறுத்தாமல் அடுத்துள்ள பத்து-ஏ-யையும் படியுங்கள். நிதானமாகப் படியுங்கள். படித்த பிறகு, பதினோரு பக்கத்தைத் தபாலில் போடுவதற்கு முன்னால், டெபோரா சொல்வதைக் கேளுங்கள்.

நான் இதற்குமேல் எழுத மாட்டேன். மழைக்காலம், தலையை நனைக்காதீர்கள்.

தங்கை,
தபீதாள்


பீர்க்கன்கரணை
18.11.2001

தபீதாளுக்கு,

பத்து-ஏ படித்தேன். இரண்டு வருஷம் பிரிந்து வாழ்ந்த புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் போதுமாம். யார் செய்தது தப்பு என்று நீதிபதி கேட்கவே மாட்டாராம். ஆறு மாதம் கழித்து, இன்னும் இதே எண்ணம்தானா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு முடித்துவிடுவாராம். இதற்கா நான் மனு எழுதினேன்? நீ மாடத்தில் உட்கார்ந்திருந்தாயே, சேர்த்துச் சேர்த்து ஆம் சொன்னார்களே, அதில்தான் இதுவும் போயிருக்கிறது. ஆட்சேபிக்க வேண்டிய பிரிவு இருந்தது, ஆட்சேபிக்க ஆள் இல்லை.

போன சனிக்கிழமை ஜெபராஜ் வந்தான். கேட்டுக்கு வெளியே நின்றான். போலீஸைக் கூப்பிடப் போனேன். டெபோரா குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய், "நான்தான் வரச் சொன்னேன்" என்றாள். அங்கேயே, கேட்டுத் தூண்மேல் ஒரு பைலை வைத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவன் குடை பிடித்தான், அவள் போட்டாள். பிறகு அவள் பிடித்தாள், அவன் போட்டான். என்னைப் பார்த்து, "வர்றேன் மாமா" என்றான். மாமாவாம்.

"உன்னைத் துரத்திவிட்டவனோடு சமாதானமா?" என்று கேட்டேன். "அப்பா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. இது எங்க ரெண்டு பேர் விஷயம்" என்றாள். ஒரு வாரமாய் நான் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போகிறாள். சாப்பிடுகிறேன்.

மே மாதத்து இன்லண்டில் அவள் எழுதியது இதைத்தானே? உனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் நீ வாயை மூடிக்கொண்டு இருந்தாய். ஓலை வாசிக்கையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?

செங்கல்பட்டு கோர்ட்டில் அந்த ஆறாம் மாதத்து விசாரணைக்கு நான் போவேன். எழுந்து நின்று சொல்ல வேண்டியதைச் சொல்வேன்.

தனசிங்


புது டெல்லி
2.12.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தில் சுகம் விசாரிக்கவில்லை. ஆகவே நானே சொல்கிறேன், நான் சுகம்.

எனக்குத் தெரியும். அவள் சொல்லாததை நான் சொல்வது சரியில்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். கோர்ட்டுக்குப் போங்கள். பேசுவதற்குப் போகிறவர் கேட்கவும் செய்யலாமே.

கிறிஸ்துமஸுக்கு அவளுக்குப் புடவை எடுக்க மறக்க வேண்டாம்.

தங்கை,
தபீதாள்


பீர்க்கன்கரணை
16.6.2002

அன்புள்ள தங்கச்சி தபீதாளுக்கு, அண்ணன் எழுதுவது.

ஆறு மாதத்துக்கு மேலாக உனக்கு எழுதவில்லை. கோபந்தான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்த வருஷம் ஏரியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. டெபோரா சுகம். நானும் சுகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை செங்கல்பட்டில் விசாரணை. தாம்பரத்திலிருந்து ஒரே ரயிலில் போனோம், தனித்தனிப் பெட்டியில். பதினோரு பக்கத்தை ஒரு பக்கமாகச் சுருக்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு பேரும் முன்னே போய் நின்றார்கள். நான் பின்னாலிருந்து எழுந்தேன். தாளை வெளியே எடுக்குமுன் டவாலி வந்து தோளைத் தொட்டான். "பெரியவரே, உக்காருங்க. உங்களை யாரும் கேக்கலியே" என்றான். நான் உட்காரவில்லை. உட்காராமலே, அங்கே பேசியதைக் கேட்டேன்.

நீதிபதி ஒரு வயதான அம்மாள். அவனிடம், "நீங்கதானே கொண்டுபோய் விட்டது?" என்றார். அவன், "அவங்க கேட்டாங்கம்மா, விட்டேன்" என்றான். பிறகு டெபோராவைப் பார்த்து, "யாராவது கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினாங்களாம்மா?" என்றார். டெபோரா, "இதுக்கு யாரும் கட்டாயப்படுத்தலம்மா. கல்யாணத்துக்குத்தான்" என்றாள்.

எழுதிக்கொண்டிருந்த நீதிபதி பேனாவை நிறுத்தினார். "யாரு?" என்று கேட்டார். டெபோரா பதில் சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் பெஞ்சு வரிசையில் உட்காராமல் நின்றுகொண்டிருந்த ஆள் நான் ஒருவன்தான். பிறகு குனிந்து எழுதி முடித்தார். தீர்ப்பு நாலு வரி. சத்தமாக வாசித்தார், ஜெபராஜ் மீது ஒரு குற்றமும் இல்லை.

திரும்புகையில் ஒரே பெட்டியில் ஏறினோம். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் தாண்டியது. நான் அவளிடம், மூன்றாம் ஓலை அன்று உனக்கு எத்தனை டிகிரி காய்ச்சல் என்று கேட்டேன்.

"காய்ச்சல் இல்லப்பா" என்றாள். "முந்தின நாள் ராத்திரி உங்ககிட்ட வந்து வேண்டாம்னு சொன்னேன். பந்தல்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சுன்னீங்க."

அவள் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. பந்தல்காரனுக்கு அட்வான்ஸ் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது.

அவனுக்கும் இஷ்டமில்லையாம், அவன் அம்மா பிடிவாதமாம். பதினாலு மாதம் இரண்டு பேரும் ஒரு வீட்டில் லாட்ஜில் தங்கினவர்கள் மாதிரி இருந்திருக்கிறார்கள். கொண்டுபோய் விடு என்று இவள்தான் சொல்லியிருக்கிறாள். எங்க அப்பாவிடம் நான் சொன்னேன் என்று சொல்லாதே, தாங்க மாட்டார் என்றும் சொல்லியிருக்கிறாள். நாலு வருஷம் அவன் அதைக் காப்பாற்றியிருக்கிறான். தண்ணீர் குடிக்காமல் போனதும் அதனால்தானோ என்னவோ. நான் கேட்கவில்லை.

இப்போது நான் எழுதுவதற்குக் காரணம் வேறு. நம் சபையில் ஓலை வாசிக்கும் முறை அடிப்படையிலேயே தப்பு. ஊரையெல்லாம் மூன்று தடவை கேட்கிறார்கள், அவளைக் கேட்பதில்லை. கல்யாணத்தன்று போதகர் கேட்கிறார்தான். ஆனால் பந்தல் போட்டு, ஐந்நூறு பேரை உட்கார வைத்துவிட்டுக் கேட்டால் எந்தப் பெண் வேண்டாம் என்பாள்? பாய் வீட்டில் பிரியாணி ஆறினாலும் பரவாயில்லை என்று உள்ளே போய்க் கேட்டார்கள். எனவே நம் பிஷப்பின் திருமண்டலத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். முதல் ஓலைக்கு முன்னால் போதகரும் இரண்டு சாட்சிகளும் வீட்டுக்கு வந்து பெண்ணைத் தனியே கேட்க வேண்டும், அவள் சம்மதம் என்று வாயால் சொல்லாமல் ஓலை வாசிக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறேன். டெபோராவிடம் படிக்கக் கொடுத்தேன். "பையனையும் கேக்கணும்பா" என்றாள். அதையும் சேர்த்தேன். கடைசி வரியில் விரலை வைத்து, "இதை நான் சொல்லலையே" என்றாள். நான்தான் எழுதினேன் என்றேன். பிறகு பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் சுத்தமாக நகல் எடுத்துத் தந்தாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போதகர் கையில் கொடுக்க வேண்டும். அவர் வெளி பெஞ்சுக்கு வர மாட்டார், நான்தான் உள்ளே போயாக வேண்டும். கமிட்டிக்குத்தான் தள்ளுவார்கள், எனக்குத் தெரியும். திருமண்டலத்தில் ஒரு மசோதாவுக்கு எத்தனை வாசிப்பு, அதற்குப்பின் யார் கையெழுத்து, எந்தத் தேதியிலிருந்து அமல் என்று உனக்குத் தெரிந்தவர்கள் யாரிடமாவது விசாரித்து எழுது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

காலுறையைப் போட்டுக்கொள். அந்தக் கடைசி வரியை உனக்கும் எழுதுகிறேன், மொழி சரியாயிருக்கிறதா பார்:

"இவ்வாறு கேட்கும் நேரத்தில் பெண்ணின் தகப்பன் அந்த வீட்டில் இருக்கக் கூடாது."

அன்புள்ள அண்ணன்,
தனசிங்